ஜின்னுக்குச் சாவி எதற்கு?

பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் வரிசையில் நின்று முண்டியடித்து, சட்டையைக் கிழித்துக்கொண்டு, பொலிஸ் வந்து விலக்குப்பிடித்த அதே சனம்தான். இப்போது ஒலுவில் துறைமுகத்துக்குப் போகும் பாதையில், ஒவ்வொரு வியாழக்கிழமை பின்னேரமும், முணுமுணுக்காமல் வரிசையில் நிற்கிறது.

பொத்துவிலில் வெள்ளைக்காரரை ஏற்றித் திரியும் முச்சக்கர வண்டிகள் நிற்கும். இறக்காமத்து வயல் சேறு காயாத உழவு மெசின்கள் நிற்கும். தோணி எஞ்சின் ஒன்று தள்ளுவண்டியில் படுத்தபடி வந்திருக்கும். காரைதீவுத் தமிழ் ஆட்களின் வான்கள், சம்மாந்துறை முஸ்லிம் ஆட்களின் கார்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். தேர்தல் மேடைகளில் தொண்டை கிழியக் கேட்டும் கிடைக்காத இன ஒற்றுமை அந்த ரோட்டில் சும்மா கிடைத்தது. ஏமாறுகிற விஷயத்தில் நமக்குள் ஒரு பேதமும் இல்லை.

எல்லாம் வயர் பாவாவைக் காண்பதற்காக. அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஊரைக் கேட்டால் வானத்தைக் காட்டுவார். வானத்தில் எந்த ஊர் என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

ஜின் பிடித்த மனிதருக்கு ஓதிப் பார்க்கிறவர்கள் கரையோரத்தில் முன்பும் இருந்தார்கள். பாவா காலத்தோடு நகர்ந்த ஆள். மனிதரில் குடியிருந்த ஜின்கள் எல்லாம் வாகனங்களுக்கு மாறிவிட்டன என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

“மனிசன்ட உடம்புக்குள்ள இப்ப சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல். ஜின்னுக்கு நிம்மதியா இரிக்க ஏலுமா? கார்ல எண்டா ஏசி இரிக்கி,” என்பார் பாவா.

சனம் தலையாட்டும். ஆட்டாத தலை அங்கே வரிசையில் நிற்காது.

பாவா காசு தொடமாட்டார். இதை மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார். ஜின் குடியிருக்கும் பற்றரியை மட்டும் கழற்றி அவரிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். ஜின்களுக்குப் புதுப் பற்றரிதான் பிடிக்குமாம். பழைய பற்றரியில் ஜின் இருந்ததாக ஒரு சரித்திரமும் இல்லை. பற்றரி இல்லாமல் வீட்டுக்கு எப்படிப் போவது? அதற்குத்தான் பச்சைத் துணி சுற்றிய ‘ஓதின பற்றரி’ இருக்கிறது. அதற்கு விலை கிடையாது. ஹதியா மட்டும், அதாவது அன்பளிப்பு. அன்பளிப்பு எவ்வளவு என்பதை பாவாவின் ஆள் சொல்லுவான். குறைத்தால் முகத்தைச் சுளிப்பான்.

இப்படிப்பட்ட பாவாவிடம் ஜெமீல் வந்து சேர்ந்த கதை இது.

ஜெமீல் சாய்ந்தமருதுக்காரர், கல்முனை பஸாரில் ஹாட்வெயர் கடை வைத்திருப்பவர். ஆணி, பெயின்ற் எல்லாம் உண்டு என்றாலும் பெயர் எடுத்தது வயர் வியாபாரத்தில். வயர் வாங்க வருகிறவர் யாராக இருந்தாலும் ஒரு பிரசங்கம் கேட்காமல் கடையை விட்டு இறங்க முடியாது. “தம்பி, செம்பும் செம்பும் முட்டக்கூடா. முட்டிச்சோ, ஊடே எரிஞ்சி போயிரும். டேப் சுத்தாம ஒரு வேலையும் செய்யாத,” என்பார். டேப்பையும் விற்றுவிடுவார்.

அவர் குடும்பத்துக்கென்று புதுக் கார் வாங்கினார். வெள்ளை நிறம். ஸீற்றில் பொலித்தீன் இன்னும் கழற்றவில்லை. அதை ஓட்டிக்கொண்டு முதலில் எங்கே போவது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மருதமுனையில் இருக்கும் ராத்தா வீட்டுக்கு. ராத்தா, அதாவது அக்கா ஸுஹைறாதான் உம்மா மவுத்தான பிறகு அவரை வளர்த்தவள். அவளுடைய மகள் நப்லாவுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. நம் வழக்கத்தில் மாப்பிள்ளைதானே பெண்வீட்டுக்கு வருகிறவர். அவரைக் கூட்டிக்கொண்டு வருவது மாமனின் காரில் என்று, கார் வாங்குவதற்கு முன்பே ராத்தா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

ஆனால் பக்கத்துக் கடை றாஸிக் குறுக்கே விழுந்தார்.

“புதுக் கார ஓதாம ஊட்ட கொண்டு போறதா? விசரா ஒனக்கு? முதல்ல பாவாட்டக் காட்டு, மறுகா ராத்தாட்டப் போ.”

காட்டினார். பாவா காரை ஒருமுறை சுற்றி வந்தார். கண்ணை மூடினார். கண்ணைத் திறந்து ஒரு செம்புத் தகட்டை நீட்டினார். உள்ளங்கையளவு இருக்கும், கீறல் கீறலாக ஏதோ எழுதியிருந்தது.

“இத காருட நரம்பெல்லாம் கூடுற இடத்தில வை. ஒரு கண்ணும் படாது.”

வேறு யாராவது என்றால் டாஷ்போர்டில் போட்டிருப்பார்கள். ஜெமீல் விஷயம் தெரிந்தவர் அல்லவா! காரின் நரம்பெல்லாம் கூடுகிற இடம் எது என்று அவருக்கா தெரியாது? ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து, ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றி, ஃபியூஸ் வரிசைகளின் மேல் தகட்டைப் பக்குவமாக வைத்து, பிஸ்மி சொல்லி மூடினார். சரியான இடத்தைக் கண்டுபிடித்ததில் அவருக்கு நிறையப் பெருமை. ‘செம்பும் செம்பும் முட்டக்கூடா’ என்ற பிரசங்கம் அப்போது கடையில், கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில், பத்திரமாக இருந்தது.

பிறகு ராத்தா வீட்டுக்குப் போனார். மாப் பிசைந்த கையோடு ஓடி வந்தாள் ஸுஹைறா.

“அல்லாஹ்வே! தம்பி, என்ன வடிவான கார்டா! கொள்ளை வடிவு! நப்லாட மாப்பிள்ளை இதில வந்து இறங்கினா ஊரே பாக்கும்!”

அவள் ‘மாஷா அல்லாஹ்’ சொல்லவில்லை. ஒன்றைப் புகழ்ந்தால் கூடவே அதைச் சொல்லிவிட வேண்டும்; சொல்லாவிட்டால் கண்ணூறு படும் என்பது நம்மூர்க் கணக்கு. சந்தோஷத்தில் அவளுக்கு மறந்துவிட்டது. ஜெமீலுக்கு அது காதில் விழுந்தது. விழுந்ததை அவர் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

மறுநாள் விடிய கார் ஸ்டார்ட் ஆகவில்லை. உள்ளே லைட் இரவு முழுக்க எரிந்து பற்றரி இறங்கிக் கிடந்தது. அயலவர்கள் தள்ளி ஸ்டார்ட் செய்து விட்டார்கள். அன்றைக்கே இன்னொரு கூத்து. பிரேக்கை மிதித்தால் வைப்பர் ஆடியது. மழை இல்லை, மேகமும் இல்லை. சித்திரை வெயிலில் கல்முனை நடு றோட்டில் வைப்பரை ஆட்டிக்கொண்டு போகிறவரைப் பார்த்துச் சனம் திரும்பிக் கையாட்டியது. வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆப் பள்ளிக்கு முன்னால் காரை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். குத்பாப் பிரசங்கம் நடக்கும்போது வெளியே கார் தானாகப் பாட ஆரம்பித்தது. அதுவும் காதல் பாட்டு. அத்தனை தலைகளும் திரும்பின. ஜெமீல் தன் தலையை மட்டும் திருப்பவில்லை. யாருடைய கார் என்று தெரியாத மாதிரி இருந்து பார்த்தார். ஆனால் ஊருக்கு அந்தக் காரைத் தெரியும்.

“வாங்கின இடத்தில கொண்டு காட்டுங்களன். வாரண்டி இரிக்கிதானே,” என்றாள் மனைவி ஸில்மியா.

“ஒனக்கு ஒண்டும் தெரியா. தகடு வெச்ச கார் இப்பிடிச் செய்யிதெண்டா எவ்வளவு பெரிய விஷயமா இரிக்கும்! தகடு இல்லாட்டி என்ன நடந்திரிக்கும் எண்டு யோசிச்சிப் பார்.”

தகடு இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று அவரே யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை நேரே பாவாவிடம் போனார்.

பாவா காரின் சாவியை வாங்கி ஒரு பச்சைத் துணியில் சுற்றினார். அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி, “கார் எங்கெங்க போன?” என்று ஆறுதலாக விசாரித்தார். ஜெமீல் ஒன்று விடாமல் சொன்னார். மருதமுனை, ராத்தா, மாப் பிசைந்த கை, சொல்லாமல் விட்ட மாஷா அல்லாஹ், எல்லாவற்றையும். பிறகு பாவா காரைப் பார்த்துத் திரும்பினார்.

“யா ஜின்னே! ஓம் எண்டா ரெண்டு தரம் கண் சிமிட்டு. இல்ல எண்டா ஒரு தரம் சிமிட்டு. இது கண்ணூறா?”

காரின் நாலு மூலை லைட்டும் இரண்டு தரம் மின்னின. சனம் ‘ஆ’ என்றது.

“வெளி ஆளா?” ஒரு தரம் மின்னியது.

“ரெத்த உறவா?” இரண்டு தரம். “ஆம்புளையா?” ஒரு தரம். “பொம்புளையா?” இரண்டு தரம். “வடக்குப் பக்கமா?” இரண்டு தரம்.

சாய்ந்தமருதுக்கு வடக்கே மருதமுனை.  ஜின்னுக்கு இவ்வளவு விபரம் எப்படித் தெரியும் என்று ஜெமீல் வியந்தார். இப்போதுதான் தன் வாயால் எல்லாவற்றையும் ஒப்புவித்தோம் என்பது அவருக்கு நினைவில் இல்லை. நம்முடைய வாயில் இருந்து போனதே திரும்பி நம்முடைய காதுக்கு வந்தாலும், வேறு ஆள் சொன்னால் அது ஞானம்.

பாவா மூன்று கட்டளை போட்டார். முதலாவது, பழைய தகட்டோடு இன்னும் இரண்டு தகடு வைக்க வேண்டும். இரண்டாவது, நோன்பு வரும் வரைக்கும் எந்தக் கராஜ்காரனும் காரில் கை வைக்கக்கூடாது. வைத்தால் ஜின் அவன்மேல் பாய்ந்துவிடும். மூன்றாவது, அந்தப் பெண்ணின் பார்வை இனிக் கார்மேல் படக்கூடாது. கார் அவளுடைய வளவுக்குள் போகவும் கூடாது.

ஜெமீல் புதுப் பற்றரியை விட்டுவிட்டு, ஓதின பற்றரியோடு வந்தார். வீட்டில் இறங்கியதும் குனிந்து, இரண்டு தகட்டையும் ஃபியூஸ் பெட்டிக்குள் செருகி மூடினார். அன்றிலிருந்து பிரேக் மிதித்தால் வைப்பர் ஆடுவதோடு ஹோனும் அடித்தது.

தகடு, பற்றரி எல்லாம் அவருக்குப் பாரமாக இல்லை. மூன்றாவது கட்டளைதான் பாரம். ராத்தாவிடம் அவர் அதைச் சொல்லவில்லை. போனில் பேசும்போது கலியாணப் பேச்சு வந்தால் “பாப்பம், பாப்பம்” என்று இழுத்தார். கார் சரியில்லை, றிப்பேர், வேறு கார் பிடிப்பம் என்றார். ஆனால் கல்முனை சின்ன ஊர். றாஸிக்கின் வாய் பெரிய வாய். சங்கதி மருதமுனைக்கு எட்ட எவ்வளவு நேரம் வேண்டும்?

ஒரு வியாழக்கிழமை பகல். வாசல் பக்கம் முச்சக்கர வண்டிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்த ஜெமீலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ராத்தா! கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு இறங்கிக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. ஓடிப்போய் நெல் காயவைக்கும் படங்கை இழுத்தெடுத்துக் காரின் மேல் போட்டு, நாலு பக்கமும் இழுத்து மூடினார். அந்த அவசரத்தில் சாவியை அமத்திக் காரைப் பூட்டினார். படங்குக்குக் கீழே லைட் ஒரு தரம் மின்னி அணைந்தது.

ராத்தா வாசல் கடப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கார மூடுறியா தம்பி? இல்ல என்ட கண்ண மூடுறியா?”

 ஜெமீலுக்குப் படங்கின் ஓரத்தைப் பிடித்த கையை விடவும் முடியவில்லை, பிடித்திருக்கவும் முடியவில்லை. சின்ன வயதில் வாந்திபேதி வந்து கிடந்தபோது இந்தக் கண்தான் விடிய விடிய விழித்திருந்தது என்று அவருக்கு அந்த நேரம் பார்த்து நினைவு வந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் பயம் வெட்கத்தைவிடப் பெரியது. படங்கை அவர் எடுக்கவில்லை.

“அது ராத்தா… பாவா சொன்னாரு…”

“எனக்குத் தெரியும். ஊரே கதைக்கிது. ஸுஹைறாட கண்ணுபட்டுத் தம்பிட கார் பாட்டுப் படிக்கிதாம். சம்பந்தக்கார ஊட்லயும் கேட்டுட்டாங்க. கண்ணூறுக்காரிட ஊட்லயா மகன குடுக்கப் போறம் எண்டு ஒரு கிழவி கேட்டாவாம்.” அவளுடைய குரல் அந்த இடத்தில் மட்டும் உடைந்தது. உடனே நிமிர்ந்துகொண்டாள். “சரி. அழுறதுக்கு நான் வரல்ல. உன்ட பாவாட்ட என்னையும் கூட்டிட்டுப் போ. என்ட கண்ணில கோளாறு எண்டா அதையும் கழட்டி எடுத்துட்டு, ஓதின கண்ணா ரெண்டு போட்டுத் தரட்டும்.”

ஸில்மியா உள்ளேயிருந்து சிரித்துவிட்டாள். ஜெமீல் அவளை முறைத்தார்.

காரில் ராத்தாவை ஏற்ற முடியாதே! அதனால் ஜெமீல் காரில், ராத்தாவும் ஸில்மியாவும் பின்னால் முச்சக்கர வண்டியில் என்று முடிவானது. படங்கை எடுத்து, சாவியை அமத்தினார். ‘டக்’ என்று கதவுப் பூட்டு விலகியது. லைட் இரண்டு தரம் மின்னியது. ராத்தா அதைக் கூர்ந்து பார்த்தாள். ஸில்மியாவின் காதில் ஏதோ கேட்டாள். ஸில்மியா வீட்டுக்குள் போய்த் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். பெண்கள் என்றால் குசுகுசுப்பு இருக்கும்தானே என்று ஜெமீல் காரைக் கிளப்பினார்.

வழி நெடுக, பிரேக் மிதிக்கும் இடமெல்லாம் ஹோன் அடித்தது, வைப்பர் ஆடியது. நிந்தவூர்ச் சந்தியில் ஒரு மாட்டுக்காக பிரேக் பிடித்தார். மாடு மிரண்டு பார்த்தது. அதற்கிருந்த சந்தேகம்கூட ஜெமீலுக்கு வரவில்லை.

ஒலுவிலில் வழக்கமான வரிசை. ஜெமீலுக்கு முன்னால் காரைதீவு வான்காரர் சாமித்தம்பி முனகிக்கொண்டு நின்றார். ஜெமீலை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார்.

“என்ன காக்கா, நீங்களுமா? நான் புத்தம்புதுப் பற்றரிய இவரிட்டக் குடுத்துப்போட்டு ஓதின பற்றரி கொண்டு போனன். அது ரெண்டு நாளில செத்துப்போச்சு. கேட்டா, எனக்கு விசுவாசம் காணாதாம்.”

ஜெமீலின் முறை வந்தது. பாவா கதிரையில் அமர்ந்திருந்தார். வழக்கம்போல் சாவியை வாங்கிப் பச்சைத் துணியில் சுற்றி நெஞ்சோடு பிடித்தார். அப்போது கறுப்பு அபாயாவோடு ஸுஹைறா முன்னால் வந்தாள்.

“பாவா, இவன்ட ராத்தா நான்தான். வடக்கால இரிக்கிற பொம்புள.”

சனம் ஓரடி பின்னால் போனது. பொத்துவில்காரர் ஒருவர் தோளில் கிடந்த துவாயை எடுத்துத் தன் முச்சக்கர வண்டியின் முன் லைட்டை மூடினார். பாவாவின் முகத்தில் ஒரு களை வந்தது. குற்றவாளி தானாக வந்து நிற்பது எந்த வைத்தியருக்குக் கிடைக்கும்?

“யா ஜின்னே! இந்தப் பொம்புளதானா?”

இரண்டு தரம் மின்னியது. ‘சுப்ஹானல்லாஹ்’ என்றது கூட்டம். ஜெமீல் தலையைக் குனிந்துகொண்டார். ராத்தாவை இவ்வளவு சனத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டோமே என்று நெஞ்சு பதறியது.

அவள் பதறவில்லை. “பாவா, ஒரு சந்தேகம். ஜின் நீங்க கேட்டா மட்டுந்தான் சொல்லுமா? ஆர் கேட்டாலும் சொல்லுமா?” என்றாள்.

சாவி கையில் இருந்த தைரியத்தில் பாவா சிரித்தார். “உண்மையான ஜின் ஆர் கேட்டாலும் சொல்லும். ஆனா கேக்கிறதுக்குத் துணிச்சல் வேணும் மகள்.”

“துணிச்சல் இரிக்கி. அப்ப நான் கேக்கிறன். யா ஜின்னே! இந்தப் பாவா பொய்க்காரனா?”

 கடல் இரைச்சலுக்கு நடுவே ‘டக்’. காரின் லைட் இரண்டு தரம் மின்னியது.

பாவாவின் விரல் பச்சைத் துணிக்குள் அசைந்தது. ஒரு தரம் மின்னியது. இல்லை.

உடனே இரண்டு தரம். ஓம்.

ஒரு தரம். இரண்டு தரம். ஒரு தரம். இரண்டு தரம். கார் தன்னோடு தானே வாய்ச்சண்டை பிடித்தது. சனம் கழுத்தை அங்கும் இங்கும் திருப்பியது.

“ரெண்டு ஜின் இரிக்கி போல!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

பாவா அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். “ஓம்! ரெண்டு ஜின்! ஒண்டு பொய்க்கார ஜின்! இவ கொண்டு வந்த!”

ஸுஹைறா அபாயாவுக்குள் இருந்து வலது கையை வெளியே எடுத்தாள். கையில் ஸில்மியாவின் கைப்பையில் கிடந்த இன்னொரு சாவி.

“ரெண்டு ஜின் இல்ல பாவா. ரெண்டு சாவி. ஒண்டு என்ட கையில, மத்தது உங்கட பச்சைத் துணிக்குள்ள. துறக்கிற பொத்தான அமத்தினா ரெண்டு தரம், பூட்டுற பொத்தான அமத்தினா ஒரு தரம். இஞ்ச நிக்கிற எல்லாரும் பள்ளிவாசலுக்கு முன்னால ஒவ்வொரு நாளும் இதைத்தானே செய்யிறீங்க? அங்கெல்லாம் எந்த ஜின் பதில் சொன்ன?”

 தினமும் சாவியை அமத்தும் பெருவிரல்கள் எல்லாம் சட்டைப் பைகளுக்குள் ஒளிந்துகொண்டன.

“சரி, நான் சொல்றது பொய்யா இரிக்கலாம்,” என்றாள் அவள். “இன்னா, என்ட சாவிய இந்தக் கதிரையில வெக்கிறன். நீங்களும் வைங்க. ரெண்டு சாவியும் எல்லாருட கண்ணுக்கும் முன்னால கெடக்கட்டும். மறுகா கேளுங்க. ஜின்னுக்குச் சாவி என்னத்துக்கு?”

பாவா வைக்கவில்லை. சாமித்தம்பிதான் போய், மரியாதையாக, ஆனால் இறுக்கிப் பிடித்து, பச்சைத் துணியை வாங்கிக் கதிரையில் வைத்தார். “கேளுங்க பாவா,” என்றார்.

பாவா கேட்டார். மெதுவாகக் கேட்டார். உரக்கக் கேட்டார். யாருக்கும் விளங்காத பாஷையில் கேட்டார். கார் ஒரு தரமும் மின்னவில்லை, இரண்டு தரமும் மின்னவில்லை. பதில் சொல்லாமல் இருந்ததோடு நிற்காமல், உள்ளே றேடியோவில் காதல் பாட்டுப் போட்டது.

முதலில் ஸில்மியா சிரித்தாள். பிறகு பொத்துவில்காரர். பிறகு துறைமுகத்துப் பாதை முழுக்கச் சிரிப்பு. சிரித்த சிலருக்குத் தங்கள் பற்றரி நினைவு வந்ததும் சிரிப்பு நின்றுபோனது.

சாமித்தம்பிக்கும் தன் பற்றரி நினைவு வந்தது. “காக்கா, அந்த பொனற்ற ஒருக்காத் திறங்க,” என்றார். ஜெமீல் திறந்தார். சாமித்தம்பி ஓதின பற்றரியின் பச்சைத் துணியை உரித்தார். பக்கத்தில் நீலப் பெயின்றால் ஒரு சூலம் கீறியிருந்தது.

“இது என்ட பற்றரி! கோயில் திருவிழாவுக்கு வேல் கீறப் போய்ச் சூலமா வந்துட்டு, என்ட கையால கீறின! என்னட்டப் புதுச வாங்கி உங்களுக்குத் தந்திரிக்கி!”

ஆக, மருதமுனை ராத்தாவின் கண்ணூறில் இருந்து சாய்ந்தமருதுக் காரைக் காப்பாற்ற, காரைதீவுச் சூலம் காவலிருந்திருக்கிறது. இன ஒற்றுமைக்கு இதற்குமேல் என்ன வேண்டும்!

பாவாவின் கொட்டிலுக்குப் பின்னால் பற்றரிகள் வரிசையாகக் கிடந்தன. அவரவர் தமதைக் கண்டு எடுத்துக்கொள்ளும் வரைக்கும் சனம் பாவாவை அசையவிடவில்லை. ஜெமீலின் பற்றரியும் அங்கே கிடந்தது, ஒருவருக்கும் போகாமல். எல்லாம் முடிந்த பிறகு பாவாவும் அவருடைய ஆளும் தங்கள் வானில் ஏறினார்கள். பளபளக்கும் வான். ஸுஹைறா அதன் முன்னால் போய் நின்றாள். தலையிலிருந்து கால் வரைக்கும் என்பதுபோல், பம்பரிலிருந்து கூரை வரைக்கும் ஆறுதலாகப் பார்த்தாள்.

“என்ன வடிவான வான்! கொள்ளை வடிவு!” என்றாள். அத்தோடு நிறுத்திக்கொண்டாள். மாஷா அல்லாஹ் சொல்லவில்லை.

சனம் வானின் வைப்பரையே பார்த்துக்கொண்டு நின்றது. பாவாவின் ஆள் சாவியைத் திருப்பினான். வான் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. வைப்பர் ஆடவில்லை, ஹோன் அடிக்கவில்லை. தூசியைக் கிளப்பிக்கொண்டு தெற்கே பறந்தது. ராத்தாவின் கண்ணுக்கு அதைவிட நல்ல சாட்சிப் பத்திரம் யாரும் கொடுத்திருக்க முடியாது.

ஜெமீல் தன் காருக்குப் பக்கத்தில் நின்றார். ராத்தாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளே வந்தாள்.

“தம்பி, ஒண்டு கேக்கிறன். கார் கொம்பனியில இருந்து வந்தது நல்லாத்தானே வந்த? அதுக்குப் புறகு நீ கை வெச்ச இடம் எது?”

  கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் விட்டுவந்த பிரசங்கம் ஒலுவில் வரைக்கும் நடந்து வந்து ஜெமீலின் காதைத் திருகியது. செம்பும் செம்பும்! அவர் குனிந்து ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். மூன்று தகட்டையும் ஒவ்வொன்றாக உருவினார். முதல் தகடு வந்தபோது உள் லைட் அணைந்தது. இரண்டாவது வந்தபோது பாட்டு நின்றது. மூன்றாவதையும் எடுத்துவிட்டு பிரேக்கை மிதித்துப் பார்த்தார். வைப்பர் பேசாமல் படுத்திருந்தது.

“ஓ…” என்றாள் ஸில்மியா. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை அவர் ஆயுள் முழுக்கக் கேட்பார்.

“ராத்தா, என்ன மன்னிச்சிக்கங்க. நான் ஒரு மடையன்,” என்றார் ஜெமீல். கண் நிறைந்துவிட்டது. “முன் ஸீற்றில ஏறுங்க. ஊட்ட போவம்.”

ஸுஹைறா உடனே ஏறவில்லை. காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். “வடிவான கார்தான், மாஷா அல்லாஹ்,” என்றாள். தம்பி திடுக்கிட்டு நிமிர்ந்ததைக் கண்டதும் சிரித்தாள். “அது அல்லாஹ்வுக்குச் சொன்னது. உன்ட வைப்பருக்கில்ல.”

கலியாணத்தன்று மாப்பிள்ளை அந்தக் காரில்தான் வந்தார். ஹோன் அடிக்க வேண்டிய இடத்தில் அடித்தது. ராத்தா வீட்டு வாசலில் எல்லோரும் இறங்கி உள்ளே போனபின் ஜெமீல் சாவியை அமத்தினார். லைட் ஒரு தரம் மின்னியது. மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் வெற்றிலையோடு நின்ற ஒரு பெரியவர் கவலையாக ஸுஹைறாவிடம் வந்தார்.

“மகள், கார் ஏதோ சொல்லுதே? அக்கரைப்பற்றுக்குப் புதுசா ஒரு ஹஸ்ரத் வந்திரிக்காராம். போனுக்குள்ள இரிக்கிற ஜின்னெல்லாம் எடுக்கிறாராம். அவரிட்ட ஒருக்காக் காட்டினா என்ன?”

ஸுஹைறா கையிலிருந்த சோற்றுச் சஹன் தட்டை இறக்கி வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். “காட்டுங்க மாமா, வேணாமெண்டு சொல்லல்ல. ஆனா எங்க என்ன மின்னினாலும், வாயப் பொளந்து வெளிச்சத்தப் பாக்கிறதுக்கு முன்னால, சாவி ஆர்ட கையில இரிக்கி எண்டு பாத்துக்கங்க.”